ஹிரோஷிகேயின் 'ஷோனோ' மழைப் படம்: அந்த மூங்கில் எப்படி வந்தது?

கேள்வி:
ஒரு வாரமாக ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1830களில் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே, தோகைடோ என்ற பழைய நெடுஞ்சாலையின் தங்குமிட ஊர்களை வைத்துச் செய்த பட வரிசையில் வரும் ஷோனோ என்ற ஊரின் படம். மேட்டுப் பாதையில் திடீர் மழை, பல்லக்குத் தூக்கிகள் மேலே ஏற, இரண்டு பேர் கீழே ஓடுகிறார்கள். பின்னால் மூங்கில் தோப்பு, கோடே இல்லாமல் வெறும் சாம்பல் நிழலாக மங்கிக்கொண்டே போகிறது. இது தூரிகையால் தீட்டியதா, அச்சா? மரப்பலகையில் இவ்வளவு மென்மை வருமா?

பதில் 1:
முழுக்க அச்சுதான். செர்ரி மரப் பலகையில் செதுக்குவார்கள், வெளிக்கோட்டுக்கு ஒன்று, அப்புறம் நிறங்களுக்குத் தனித்தனியாக. மூங்கிலுக்கு வெளிக்கோடு கிடையாது, சாம்பலின் அடர்த்தியை மட்டும் மாற்றி அடுக்கடுக்காக அச்சிட்டிருக்கிறார்கள், அதனால்தான் மழைத்திரைக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கிறது. மேலே வானத்தில் கருமை கரைந்து இறங்குகிறதே, அதற்குப் பெயர் பொகாஷி. ஈரப் பலகையில் மையை ஓரத்தில் அடர்த்தியாகவும் போகப்போக இளைத்தும் தடவி, மேலே தாளைப் போட்டு, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார்கள். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகத் தடவ வேண்டும், அதனால் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருக்காது. ஹிரோஷிகே வரைந்து கொடுத்தார், செதுக்கியவரும் அச்சிட்டவரும் வேறு ஆட்கள். அந்த மூங்கிலின் பாதிப் பெருமை அவர்களுடையது.

பதில் 2:
எனக்கு அந்த மண்வெட்டிக்காரர்தான் படமே. கீழே ஓடுகிறவர்களில் வைக்கோல் மழையங்கி போட்டவர். மற்றவர்களெல்லாம் சாலையில் போகிறவர்கள், இவர் வயலில் இருந்து வருகிறவர், அந்த ஊர்க்காரர். கீழே தெரியும் கூரைகளில் ஒன்று அவர் வீடாக இருக்கும் என்று நினைத்தாலே மனசு அங்கே போய்விடுகிறது. யாருடைய முகமும் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் குனிந்த முதுகையும் எட்டி வைத்த காலையும் பார்த்தால் அவசரம் புரிகிறது. பாதையின் சரிவு ஒரு பக்கம், மழையின் சாய்வு ஒரு பக்கம், படத்தில் எதுவுமே நேராக நிற்கவில்லை, கவனித்தீர்களா?

பதில் 3:
படத்தின் தலைப்பில் இருக்கும் 'ஹகு-உ' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் 'வெள்ளை மழை', கோடையில் சடாரென்று கொட்டும் மழை. இன்னொன்று, குடையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில பிரதிகளில் பதிப்பாளர் தாகெனோஉச்சியின் பெயரையே அதில் எழுதியிருக்கிறார்கள்.

கேட்டவர்:
குடையைப் பார்த்தேன், என் படத்தில் எழுத்து இல்லை. ஆனால் அந்தக் கூரைகளை இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை. மூங்கிலை விட்டுவிட்டு இன்று முழுக்க அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.