ஏற்பியை மந்தமாக்கும் கைனேஸும் பீட்டா பிளாக்கரும்: ஒரு சந்தேகம்

கேள்வி: குடியாத்தம் மாணவி

என் தந்தை குடியாத்தத்தில் லுங்கி நெய்பவர். எக்கோ பரிசோதனையில் ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் விகிதம்) 30 சதவீதம் என்று வந்ததால், வேலூரில் மருத்துவர் மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கரை (பீட்டா ஏற்பியை அடைக்கும் மாத்திரையை) 12.5 மில்லிகிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி வருகிறார். நான் முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். இதயச் செயலிழப்பில் பீட்டா-அட்ரினெர்ஜிக் ஏற்பி கைனேஸ் என்ற நொதி மிகுந்து, நார்அட்ரினலினின் செய்தியை ஏற்கும் செல்சவ்வுப் புரதங்களான பீட்டா ஏற்பிகளை மந்தமாக்குகிறது என்று பாடத்தில் படித்தேன். ஏற்கெனவே மந்தமான ஏற்பியை மாத்திரையாலும் அடைப்பது எப்படி நன்மை தரும் என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில்: காட்பாடி ஆசிரியர்

அம்மா, இந்தக் கைனேஸ் எந்த ஏற்பியைத் தேடிப் போகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இதயத்தை முடுக்கும் நார்அட்ரினலின் ஏற்பியில் வந்து அமர்ந்ததும், செல்லின் உட்புறம் அதன் செய்தியைக் கடத்தும் ஜி-புரதம் பிரிகிறது. அதன் ஆல்ஃபா பகுதி சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறைப் பெருக்கித் துடிப்புக்கு வலுவூட்ட, பீட்டா-காமா பகுதியோ செல்லுக்குள் இருக்கும் கைனேஸைச் சவ்வுக்கு இழுத்து வருகிறது. தூண்டப்பட்டு வேலையில் இருக்கும் ஏற்பியின் வால்பகுதியில் அது பாஸ்பேட்டை ஏற்ற, அங்கே பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் ஒட்டிக்கொள்ள, ஜி-புரதம் மீண்டும் இணைய இடமில்லாமல் போகிறது. சில நிமிடங்களில் முடியும் இந்த அடக்கம் நலமான இதயத்துக்குத் தேவையானதே.

செயலிழந்த இதயத்தில் நார்அட்ரினலின் இரவும் பகலும் ஓய்வதில்லை. அத்தகைய மனித இதயங்களில் பீட்டா ஏற்பிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருப்பதை பிரிஸ்டோ குழுவினர் 1982-இல் காட்டினர். கைனேஸ் மிகுந்திருப்பதை உங்கரர் குழுவினர் 1993-இல் காட்டினர். மாத்திரை ஏற்பியில் அமர்ந்தால் தூண்டுதல் இல்லை. தூண்டுதல் இல்லையேல் கைனேஸுக்கு அங்கே வேலையும் இல்லை; ஏற்பிகள் மீள வழி பிறக்கிறது. பீட்டா பிளாக்கர் கொடுத்த எலிகளின் இதயத்தில் கைனேஸின் அளவே குறைந்தது.

பதில்: ஆற்காடு வாசகர்

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஏற்பியின் எண்ணிக்கை மீள்வதால் மட்டுமே நன்மை என்று கொள்ளக் கூடாது. மெட்டோப்ரோலால் ஏற்பிகளைக் கூட்டுகிறது. இன்னொரு பீட்டா பிளாக்கரான கார்வெடிலால் அவ்வாறு கூட்டாமலே நோயாளியின் ஆயுளை நீட்டிக்கிறது. நச்சாகும் அளவுக்கு மிகுந்த தூண்டுதலிலிருந்து இதயத்தசை காக்கப்படுவதும் காரணம்.

அப்படியானால் ஏற்பி மந்தமாவதே பாதுகாப்பு அல்லவா என்று கேட்கலாம். நெடுநாள் நான் குழம்பிய இடம் இது. கைனேஸைத் தடுக்கும் புரதத் துண்டை இதயத்தில் உருவாக்கியபோது, மரபணுக் குறையால் இதயத்தசை நோய் வரவேண்டிய எலிகளில் இதயச் செயலிழப்பு தடுக்கப்பட்டது என்பது 1998-இல் வெளியானது. அட்ரினல் சுரப்பியில் இன்னொரு விளக்கமும் கிடைக்கிறது: அங்கே சுரப்பை நிறுத்தச் சொல்லும் ஆல்ஃபா-2 ஏற்பியையும் இதே கைனேஸ் மந்தமாக்குவதால், இதயச் செயலிழப்பில் அட்ரினலின் கட்டுக்கடங்காமல் வெளிவருகிறது. ஆக, இதயத்தைக் காப்பதுபோல் தோன்றும் கைனேஸ், சுரப்பியிலிருந்து அதே இதயத்தின் மீது சுமையை ஏற்றுகிறது.

பதில்: வேலூர் மருந்தாளுநர்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மாத்திரை உண்ணும்போது ஏற்பிகள் பெருகியிருப்பதால், திடீரென நிறுத்தினால் நார்அட்ரினலின் முழு வேகத்தில் தாக்கிப் படபடப்பும் நெஞ்சுவலியும் வரக்கூடும். தொடங்கிய முதல் வாரங்களில் அசதியோ கால்வீக்கமோ மூச்சிரைப்போ தெரிந்தாலும், தந்தை தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லட்டும். நீர் மாத்திரையைக் கூட்டியோ அளவை மாற்றியோ அவர் சரிசெய்வார்.