பில் புக்கில் ‘அமௌண்ட்’, ‘டோட்டல்’: தமிழில் எந்தக் கட்டத்துக்கு எந்தச் சொல்?

கொலுசுப்பட்டறை_செவ்வாய்ப்பேட்டை

வணக்கங்க. கடைக்குப் புது பில் புக் அடிக்கணும். கொலுசு, மெட்டி, அரைஞாண்கொடி எல்லாம் வெள்ளிதான். வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள், அதனால் முழுக்கத் தமிழிலேயே போடலாம் என்று எண்ணம். அச்சகத்தில் காட்டிய மாதிரியில் அமௌண்ட் கட்டத்திலும் ‘மொத்தம்’, டோட்டல் கட்டத்திலும் ‘மொத்தம்’. கடைசி வரியில் ‘மொத்த கூடுதல்’. பேலன்ஸுக்கு ‘இருப்பு’. அகராதியைப் புரட்டினால் தொகை, கூட்டுத்தொகை, கூடுதல், ஆகமொத்தம், நிகரம் என்று எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கிறது. எதை எங்கே போடுவது? கைபில்லோடு எக்செல் ஷீட்டும் வைத்திருக்கிறோம்.

லீபஜார்_குமாஸ்தா

அந்த மாதிரியை அப்படியே அச்சுக்கு விட்டுடாதீங்க. அமௌண்ட் என்கிற ஒரே சொல்லை நாம் நாலைந்து வேலைக்கு ஓட்டுகிறோம். தமிழில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள் இருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் நேராக வலது ஓரத்தில் எழுதுகிற பணம் ‘தொகை’. எடையை விலையால் பெருக்கி வருவது அது, கூட்டி வருவதில்லை. அதனால் அங்கே ‘மொத்தம்’ கூடாது. தொகைகளைக் கூட்டி, வரி சேர்க்கும் முன் நிற்கும் வரி ‘இடைமொத்தம்’. வரியும் சேர்ந்த கடைசி வரி ‘ஆகமொத்தம்’. பழைய பேரேடுகளில் வெறும் ‘ஆக’ என்று போட்டுப் பக்கத்தில் ரூபாயை எழுதியிருப்பார்கள், அந்த வழக்கின் தொடர்ச்சிதான் இது. மண்டிச் சீட்டுகளில் இன்றைக்கும் செல்லுபடியாகும் சொல்.

ஒரு கணக்காகப் பார்த்தால்: வெள்ளி 20,000, கூலி 1,500. இவை இரண்டும் தொகை. இடைமொத்தம் 21,500. அதன்மேல் 3% ஜிஎஸ்டி போட்டால் மத்திய வரி 322.50, மாநில வரி 322.50. ஆகமொத்தம் 22,145. ஆர்டர் கொடுத்தபோது கட்டிய 10,000 ‘முன்பணம்’. வரவேண்டிய 12,145 ‘பாக்கி’.

இந்தப் பாக்கியில்தான் அச்சகம் பெரிதாகச் சறுக்கியிருக்கிறது. பேலன்ஸ் என்று நாம் சொல்வது மூன்று வேறு சங்கதி. வாடிக்கையாளர் தரவேண்டியது பாக்கி அல்லது நிலுவை. அவர் 12,500 கொடுத்தால் நாம் திருப்பித் தரும் 355 ரூபாய் மீதி. கல்லாவிலும் பேங்கிலும் நம் கையில் கிடப்பது இருப்பு. பில்லில் ‘இருப்பு 12,145’ என்று அடித்தால், அந்தப் பணம் கடையில் தன் பேரில் வரவாக நிற்கிறது என்று ஒருவர் வாதாடலாம். சொல்லின்படி அவர் வாதம் சரி.

‘மொத்த’ என்பதைத் தனியாக விலைக்கு முன்னால் ஒட்டவே வேண்டாம். ‘மொத்த விலை’ என்றால் நம்மூரில் மொத்த வியாபாரத்து விலை. சில்லறையில் ஒரு ஜோடி வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “எனக்கும் மொத்த விலைதானே போட்டிருக்கீங்க, அப்புறம் கூலி எதுக்கு?” என்பார்.

அஸ்தம்பட்டி_கணக்கு

‘கூடுதல்’ எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அச்சகத்துக்காரர் தானாகக் கற்பனை செய்ததில்லை. தமிழ்வழிக் கணிதப் பாடநூலில் ஆங்கிலத்தின் ‘சம்’ என்பதற்குக் கூடுதல் என்பதே வழக்கு. ‘மூலங்களின் கூடுதல்’, ‘முதல் 20 உறுப்புகளின் கூடுதல்’ என்று பத்தாம் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். வகுப்புக்குள் அது துல்லியமான சொல். வெளியே வந்ததும் பொருள் மாறிவிடுகிறது. கூடுதல் கட்டணம், கூடுதல் பேருந்து என்கிறபோது ‘அதிகப்படி’ என்றுதான் அர்த்தம். ‘கூடுதல் 22,145’ என்று பார்க்கிற ஆள், விலைக்கு மேலே இதை வேறு கேட்கிறார்களா என்று திடுக்கிடுவார்.

கூட்டுத்தொகை தவறில்லை, பில்லுக்குக் கொஞ்சம் விறைப்பு. விடைத்தாளில் மதிப்பெண் கூட்டும் கட்டத்துக்குப் பொருந்தும்.

இன்னொன்று, பிள்ளைகள் “நாலு சம் போட்டேன்” என்பது கூட்டலைக் குறிப்பதல்ல. அங்கே சம் என்றால் கணக்கு. வகுத்தலும் சம்தான், வட்டிக் கணக்கும் சம்தான்.

கட்டங்களில் ஒற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மொத்தத் தொகை’ என்று நடுவில் த் வரவேண்டும். ‘மொத்த தொகை’ என்றுதான் பாதி பில் புக் ஊரில் சுற்றுகிறது.

ஏற்காடு_செக்ரோல்

எடைக் கட்டம் பற்றி யாரும் பேசவில்லையே. வெள்ளிக்கு அதுதானே உயிர். ‘மொத்த எடை’ என்று போட்டால் இரண்டு விதமாகப் படிக்கலாம்: எல்லா உருப்படியும் சேர்ந்த எடை, அல்லது கல், அரக்கு, நூல் எதையும் கழிக்காத எடை. காப்பிக்கொட்டை மூட்டையிலும் இதே வம்பு உண்டு, சாக்கோடு சேர்த்தா சாக்கைக் கழித்தா என்று. கழித்து நிற்பதற்கு ‘நிகர எடை’ எழுதிவிட்டால் சண்டை இல்லை. உருப்படிகள் எல்லாம் சேர்ந்ததற்கு ‘ஆக எடை’ போடுங்கள். டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது) தனிக்கட்டமாக இருக்கட்டும். 1,000 கிராம் நிகர எடையில் 80 டச் என்றால் சுத்த வெள்ளி 800 கிராம். இந்த 800-ஐயும் எடைக் கட்டத்துக்குள்ளேயே நுழைத்தால் கீழே கூட்டும்போது சேர்ந்துபோகும்.

பணமல்லாத அமௌண்ட்டுக்குத் ‘தொகை’ ஒட்டாது. மழை, உரம், மருந்துத் தண்ணீர் எல்லாம் அளவு. தலைகளை எண்ணும்போது மட்டும் மக்கள்தொகை என்று வரும். பேச்சில் “அமௌண்ட் போட்டாச்சு” என்பது பணம் அனுப்பியாகிவிட்டது என்பதுதான், அங்கே ‘பணம்’ போதும். “டோட்டல் எவ்வளவு?” என்பதற்கும் எந்த அகராதியும் வேண்டாம். “எவ்வளவு ஆச்சுங்க?” என்றுதான் மலையிலும் கீழேயும் கேட்கிறார்கள்.

லீபஜார்_குமாஸ்தா

நிகர எடை சரியான பிடி, விட்டுப்போச்சு. கட்டம் எல்லாம் சரியாக அமைந்தும் ஆகமொத்தம் உதைத்தால் என்ன செய்வது என்பதையும் சேர்க்கிறேன். முதலில் மேலிருந்து கீழே கூட்டுங்கள், அடுத்த தடவை கீழிருந்து மேலே. ஒரே திசையில் இரண்டு முறை கூட்டினால் அதே இடத்தில் அதே தப்பு வரும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். 3,450-ஐ 3,540 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகை எங்காவது இருக்கிறதா பாருங்கள். வரவில் போடவேண்டியதைச் செலவில் போட்டிருந்தால் இரு மடங்காகத்தான் உதைக்கும்.

எக்செல்_சூரமங்கலம்

ஷீட்டில் கூட்டுத்தொகை குறைவாக வருகிறதா? செல்லுக்குள் ‘ரூ. 500’ என்று கையால் அடித்திருப்பீர்கள். அது எழுத்தாகிவிடும், சம் ஃபார்முலா அதைத் தாண்டிப் போய்விடும், எச்சரிக்கையும் பெரும்பாலும் வராது. 500 மட்டும் அடித்து, ரூபாய்க் குறியை ஃபார்மேட்டில் கொடுங்கள். எழுத்தாகக் கிடப்பது பொதுவாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும்.

கூடுதலாக வந்தால் (அதிகமாக என்ற பொருளில்தான் சொல்கிறேன், வாத்தியார் மன்னிக்கணும்) இடைமொத்தத்தையும் சேர்த்துக் கூட்டியிருக்கும். இடைமொத்தம், ஆகமொத்தம் இரண்டுக்குமே சப்டோட்டல் ஃபார்முலாவை 9 என்ற எண்ணோடு போட்டால், உள்ளே இருக்கும் மற்ற சப்டோட்டல்களை அதுவே விட்டுவிடும்.

ஒரு ரூபாய் உதைப்பது வேறு கதை. 10.40-உம் 10.40-உம் திரையில் 10, 10 என்று தெரியும், கீழே 21 காட்டும். பைசாவை மறைத்துவைத்தால் இப்படித்தான். ரவுண்ட் ஃபார்முலா போடுங்கள், அல்லது பைசாவைக் காட்டுங்கள்.

கொலுசுப்பட்டறை_செவ்வாய்ப்பேட்டை

ரொம்ப நன்றிங்க. தொகை, இடைமொத்தம், ஆகமொத்தம், முன்பணம், பாக்கி, நிகர எடை என்று மாற்றச் சொல்லிவிட்டோம். இரண்டு சந்தேகம் பாக்கி. ‘எழுத்தால்’ என்ற வரி தேவையா? பழைய பேரேட்டில் இருக்கிற ரூபாய்க் குறி ௹ போட்டால் அழகாக இருக்குமே?

அஸ்தம்பட்டி_கணக்கு

எழுத்தால் வரியை எடுக்காதீர்கள். காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. பில் காசோலை இல்லைதான், ஆனாலும் எண்ணில் ஒரு சுழி சேர்ப்பது சுலபம், எழுத்தில் சேர்ப்பது கடினம். ‘ரூபாய்’ என்பதை ஒட்டியே இடைவெளி விடாமல் தொடங்கி, ‘மட்டும்’ போட்டு முடியுங்கள்: ரூபாய் இருபத்திரண்டாயிரத்து நூற்று நாற்பத்தைந்து மட்டும். பில் போடும் பையன்கள் வழுக்குவது ஒன்பதில். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். அவசரத்தில் எழுநூறும் எண்ணூறும் ஒன்றுபோலத் தெரியும், அந்த இரண்டை மட்டும் நிறுத்தி எழுதச் சொல்லுங்கள்.

லீபஜார்_குமாஸ்தா

௹ யூனிகோடில் இருக்கிறது. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ கூட இருக்கிறது. ஆனால் பல எழுத்துருக்களில் இவை வெறும் கட்டமாக விழும். அச்சகத்தில் அவர்கள் எழுத்துருவிலேயே ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க. கடைப்பேருக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்கலாம். தொகைக் கட்டத்துக்குள் ‘ரூ.’ போதும், அந்தக் குறியை இன்றைக்குப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.