லைக்கன் உண்ணும் பைப்புழு: ஆண் இல்லாமல் தலைமுறை தொடர்வது எப்படி?

தும்பி:
லுஃபியா லாப்பிடெல்லா என்னும் சிறிய அந்துப்பூச்சியைப் பற்றிப் படித்து வருகிறேன். மரப்பட்டையிலும் பழஞ்சுவரிலும் படர்ந்த லைக்கனை (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் படலம்) மேயும் இதன் புழு, ஐந்தாறு மில்லிமீட்டர் நீளமுள்ள கூம்புப் பையைச் சுமந்தபடியே நடமாடுகிறது. தென் இங்கிலாந்தில் காணப்படும் இதன் ஃபெர்ச்சோல்டெல்லா என்னும் வடிவத்தில் சிறகற்ற பெண்கள் மட்டுமே உண்டு என்கிறார்கள். அவ்வாறாயின் இதன் வாழ்க்கைச் சுழற்சி எவ்வாறு நிறைவுறுகிறது? மரத்துக்குத் தீங்கு உண்டா?

மரங்கொத்தி:
மரத்துக்குத் தீங்கு இல்லை. அது தின்பது பட்டையை அன்று, பட்டைமேல் வளரும் லைக்கனையே. கோடையின் பிற்பகுதியில் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, தான் சுரக்கும் பட்டிழையால் பை பின்னி, அதன்மேல் லைக்கன் துணுக்குகளையும் மணல்துகள்களையும் ஒட்டிக்கொள்வதால், அசையாதவரை நம் கண்ணுக்குத் தட்டுப்படுவதே அரிது. தலையும் கால்களும் முன்வாய் வழியே நீளும். கழிவு பின்வாய் வழியே வெளியேறும். உடல் வளர வளரப் பையும் பெரிதாக்கப்படும். குளிர்காலத்தைப் புழுவாகவே கழித்து, வசந்தத்தில் மீண்டும் மேய்ந்து, பையை ஓரிடத்தில் பொருத்திவிட்டு அதனுள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. ஜூன், ஜூலையில் வெளிவரும் பெண் எங்கும் செல்வதில்லை. பையைப் பற்றியபடியே முட்டைகளை அதனுள் இட்டு, விரைவில் இறந்துவிடுகிறது. பார்ப்பதற்கு அதை அந்துப்பூச்சி என்று நம்புவதே கடினம்.

ஆந்தை:
ஆண் இல்லாத குறையை ஈடுசெய்வது கன்னி இனப்பெருக்கம், அதாவது கருவுறாத முட்டையே புழுவாக வளர்வது. இதே பைப்புழுக் குடும்பத்தைச் சேர்ந்த டாலிக்கா டிரைக்வெட்ரெல்லா என்னும் அந்துப்பூச்சியைச் சூரிச்சில் விலங்கியலாளர் யாக்கோப் சைலர் நெடுங்காலம் ஆராய்ந்தார். அந்த ஒரே இனத்துக்குள் இருபாலும் உள்ள இருமடியக் குழு (உயிரணுவில் இரண்டு குரோமோசோம் தொகுதிகள் கொண்டது), பெண்கள் மட்டுமே உள்ள இருமடியக் குழு, பெண்கள் மட்டுமே உள்ள நான்மடியக் குழு (நான்கு தொகுதிகள் கொண்டது) என மூன்று உண்டு. என் பார்வையில், இந்தக் குடும்பத்தில் மிகவும் சுவையான செய்தி இதுதான். லுஃபியாவிலும் சிறகுள்ள ஆண்களைக் கொண்ட வடிவம் ஐரோப்பாவில் உண்டு.

தும்பி:
நன்றி. பெண் பறப்பதில்லை என்றால், ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு இவை எவ்வாறு பரவுகின்றன?

மரங்கொத்தி:
புழுப்பருவத்தில்தான். பைப்புழுக் குடும்பத்தின் பல இனங்களில் பிறந்த புழுக்கள் இழையில் தொங்கிக் காற்றில் அடித்துச் செல்லப்படுகின்றன. துணை தேட வேண்டியதில்லை என்பதால், புதிய இடத்தில் ஒரேயொரு புழு பிழைத்து வளர்ந்தாலும் அங்கே ஒரு கூட்டம் உருவாகிவிடும்.