அட்வெந்து முதல் ஞாயிறு அன்று வாசலில் நின்ற நான்கு பேர்

உடுமலை மேற்கு

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு லிஸ்ட் எழுதும் நேரம் வந்துவிட்டது. அந்த நோட்டைக் கையில் எடுத்தாலே எனக்கு அந்த நான்கு பேர் ஞாபகம்தான் வருகிறது, யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்று இந்தக் குழுவில் எழுதுகிறேன்.

எங்களுடையது சின்ன லுத்தரன் சபை. முப்பது குடும்பம் சொச்சம், அதிலும் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் உண்டு. ஐயருக்கு, எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம், ஐந்து ஊர், எங்களுக்கு மாதம் இரண்டு முறை வருவார், மற்ற நாளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறும் அட்வெந்து, அது தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை வேலையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒட்டடை அடித்து, பலிபீடத்துக்கு ஊதாத் துணி விரித்து, போன வருஷத்து ஸ்டாரை எலி கடித்திருக்கிறதா என்று பரணிலிருந்து இறக்கிப் பார்த்து, சீரியல் பல்பு எரியுமா என்று சோதித்து முடிப்பதற்குள் ராத்திரி பத்து ஆகிவிடும்.

2023, டிசம்பர் 3. வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கும் வேலை எனக்கு. இரண்டாம் மணி அடித்து ஓயும்போது நான்கு பையன்கள் வந்தார்கள். ஊருக்கு வடக்கே இருக்கிற நார் மில்லில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. குளித்துச் சீவி, தேய்த்த சட்டை போட்டிருந்தார்கள், ஆனாலும் புருவத்திலும் காதோரத்திலும் தேங்காய் நார்த் தூசி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, அது ஒரு குளியலில் போகிற தூசி இல்லை. முன்னால் வந்தவன் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, வலது கையை நீட்டி ‘யீசு சஹாய்’ என்றான்.

எனக்கு அதில் சகாய் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவரும், “சகாயம் கேக்கறாங்களாட்ட இருக்குது, பாவம், ஏதாச்சும் குடுத்து உடு கண்ணு” என்றார். நான் சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். வைத்ததோடு விடாமல் அவன் விரல்களை நானே மடக்கியும் விட்டேன்.

அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். நான்கு பேரும் உள்ளே போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தார்கள்.

முதல் பாட்டு ஞானப்பாட்டு, அந்தப் பழைய ஜெர்மன் ராகம், எங்கள் ஆட்கள் எப்போதும் இழுத்து இழுத்துத்தான் பாடுவார்கள். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் கீழ் ஸ்தாயியில் வந்து சேர்ந்தது. எங்கள் சபையில் பேஸ் பாடிக்கொண்டிருந்தவர் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது, அதனால் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பையன்கள் கையில் புத்தகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அதே ராகத்தை ஹிந்தியில் பாடுகிறார்கள், ஆளுக்கொரு குரலாகப் பிரித்துக்கொண்டு. எங்கள் ராகம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அப்புறம் காணிக்கை எடுத்தோம். பை எடுத்துக்கொண்டு போனது நான்தான். அவன் அந்த ஐம்பது ரூபாயை நான்காக மடித்து வைத்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பைக்குள் போட்டான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அந்த வருஷம் 24ஆம் தேதியே ஞாயிறாக வந்தது, காலையில் நான்காம் அட்வெந்து ஆராதனை, மத்தியானம் ஊதாத் துணியை எடுத்துவிட்டு வெள்ளை விரித்து, சாயங்காலம் கிறிஸ்துமஸ் ஆராதனை. துணியை உதறி மடிக்கும்போதும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேரல் பவனி நார் மில்லைத் தாண்டித்தான் போனது. ஷெட்டில் லைட் எரிந்தது. லிஸ்டில் பெயர் இல்லை என்று பாடாமலே தாண்டிப் போனோம்.

ஞாயிறு பள்ளி டீச்சர், பொள்ளாச்சிப் பக்கம்

படித்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது தம்பி. எனக்கும் அட்வெந்தில்தான் ஒன்று நடந்தது.

எங்கள் கோயிலில் பழைய சைக்கிள் ரிம்மில் சவுக்குத் தழை சுற்றி நான்கு மெழுகுவர்த்தி வைப்போம், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவோம். என் வகுப்பில் ஒரு பையன், ஏழு வயது, பாட்டியிடம் வளர்கிறான், அம்மா திருப்பூரில் டெய்லர். கிறிஸ்துமஸுக்குத்தான் அம்மா வருவாள். ஒவ்வொரு ஞாயிறும் “இன்னிக்கா டீச்சர் கிறிஸ்மஸ்?” என்பான், நாலாவது மெழுகுவர்த்தி எரிந்தால்தான் வரும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது வாரத்து சனிக்கிழமை டிராமா ஒத்திகைக்குச் சீக்கிரம் போய்க் கதவைத் தள்ளினால், உள்ளே இருட்டில் நான்கும் எரிகிறது. அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் காதைத் திருகிவிட்டேன். நான்கு மெழுகுவர்த்தியும் பாதிக்கு மேல் உருகிப்போய்விட்டது, அதுதான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவன் அழவில்லை. “எல்லாத்தையும் பத்த வெச்சாச்சுங்க டீச்சர், அம்மா கெளம்பியிருப்பாங்களா?” என்று கேட்டான். காதைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

பழைய பொருளாளர்

உடுமலைத் தம்பி கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வாசலில் யார் வந்தாலும் முதலில் உள்ளே உட்கார வைக்க வேண்டும், பேச்சு வார்த்தையெல்லாம் ஆராதனை முடிந்த பிறகு. அந்தப் பெரியவர் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கவே கூடாது. டீச்சரம்மாவுக்கும் ஒன்று, இந்த மெழுகுவர்த்தி வளையமெல்லாம் நம் வழக்கம் இல்லை, மேல்நாட்டுக்காரர்கள் செய்வது. எங்கள் அப்பா காலத்தில் அட்வெந்துக்கு மாவிலைத் தோரணம் கட்டுவோம், அத்தோடு சரி.

இனி வேலை விஷயம். வெளியூர் ஆட்களைக் கேரலுக்குச் சேர்க்க வேண்டும் என்றால் இப்போதே மில் மேஸ்திரியைப் போய்ப் பாருங்கள், இரவு ஷிப்ட்டா பகல் ஷிப்ட்டா என்று கேட்டு அதற்குத் தோதாக நாள் குறியுங்கள். வண்டி ஒன்று பேசி வையுங்கள், டிராக்டர் வேண்டாம், பனியில் குழந்தைகளுக்கு ஆகாது, மூடின டெம்போ எடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடக் கூடாது என்று சட்டம், ஆகவே ஊருக்குள் இருக்கும் வீடுகளைப் பத்துக்குள் முடித்துவிட்டுத் தோட்டத்து வீடுகளான சாளைகளுக்கு வெறும் தபேலாவும் ஜால்ராவுமாகப் போங்கள். லிஸ்டைத் தெருவாரியாகப் போடாதீர்கள், தடம் வாரியாகப் போடுங்கள், போன வழியே திரும்பினால் ஒரு மணி நேரம் வீண். காணிக்கை டப்பாவை இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும், அன்றைக்கு ராத்திரியே எண்ணி எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கேக் ஆர்டர் கொடுப்பதை டிசம்பர் முதல் வாரம் தாண்டவிடாதீர்கள். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அதற்கு மேல் நிற்க வேண்டாம், அவர்கள் தூக்கம் கெடும்.

என் அனுபவம் இதுதான். மூன்று வருஷம் சந்தா கட்டவில்லை என்று ஒரு வீட்டைக் கேரல் லிஸ்டிலிருந்து அடித்தேன். பேனாவில் கோடு போட்டது நான். அந்த வீட்டம்மா விடியற்காலம் இரண்டு மணி வரை வாசலில் கோலம் போட்டு, லைட் எரியவிட்டு, கச்சாயப் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததாக மறுநாள் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் இப்போதும் என்னைப் பார்த்தால் “நல்லா இருக்கீங்களாண்ணா” என்றுதான் கேட்கிறார். அந்தத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஞாயிறு பள்ளி டீச்சர், பொள்ளாச்சிப் பக்கம்

பொருளாளர் அண்ணா, அந்த வளையம் மேல்நாட்டு வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் எப்படி வந்தது என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். 1839இல் ஹாம்பர்க்கில் விச்செர்ன் என்ற லுத்தரன் ஊழியர் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்ததால் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார், ஞாயிற்றுக்குப் பெரியது, மற்ற நாளுக்குச் சின்னது. என் பையன் கேட்ட அதே கேள்விதான் அண்ணா அது. மாவிலையும் கட்டுவோம், அதற்கென்ன.

தோட்டத்துக்காரன், ஆனைமலை ரோடு

நான் கிறிஸ்தவன் இல்லை. எங்கள் தோட்டத்துத் தடத்தில் வருஷா வருஷம் ஸ்டாரைக் கம்பில் தூக்கிக்கொண்டு கேரல்காரர்கள் வருவார்கள், எங்கள் நாய்க்குக் கூட அவர்கள் குரல் பழக்கம். படலுக்கு வெளியேதான் நிற்பார்கள். உள்ளே வாங்க என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கூப்பிட்டதில்லை, எங்கள் களத்தில் தேங்காய் உரிக்கிறவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர்.

எனக்கு ஒன்பது வயது. பாடிக்கொண்டிருந்த ஒரு கிழவிக்கு இருமல் வந்து தண்ணீர் கேட்டார். எங்கள் அமுச்சி, பாட்டிதான், சொம்பை எடுத்துக்கொண்டு போனாள், நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அந்தக் கிழவி குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாய்க்கு நேரே ஏந்தினார், அமுச்சி சொம்பு படாமல் மேலேயிருந்து ஊற்றினாள். முழங்கை வழியாக ஒழுகிச் சேலையெல்லாம் நனைந்தது, மார்கழிப் பனி வேறு. குடித்துவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார். விளக்கைப் பிடித்திருந்தது நான் என்பதால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது வீடு என் பொறுப்பில். படலை எடுத்துவிட்டு கேட் போட்டிருக்கிறேன், அவர்கள் வரும் அன்றைக்குத் திறந்தே வைக்கிறேன். ஆசாரம் என்கிற முன்கூடத்தில் நாற்காலி போட்டு டம்ளரில் காபி கொடுக்கிறோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்து குடிக்கிறார்கள். அந்தக் கிழவிக்குக் கொடுக்க முடியவில்லை.

ராஞ்சியில் பதினோரு வருஷம், இப்போது போத்தனூர்

உடுமலைத் தம்பி, அந்தப் பையன் சகாயம் கேட்கவில்லை. ராஞ்சிப் பக்கத்து லுத்தரன் சபைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சொல்லும் வாழ்த்து அது. ‘யீசு சஹாய்’ என்றால் இயேசு துணை. நாம் தோத்திரமுங்க என்று கும்பிடுவோம் இல்லையா, அவர்கள் இப்படிச் சொல்லிக் கை கொடுப்பார்கள். உங்களைப் பார்த்து அவன் கை நீட்டியது கை கொடுக்க.

ராகமும் அப்படித்தான். பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய மிஷனரிமார் நான்கு பேர் 1845 நவம்பரில் ராஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த நான்கு வருஷத்துக்கு மேல் அந்த மண்ணின் பெரியவர்களில் ஒருவர் கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. 1850இல்தான் உராவ் பழங்குடி ஜனங்கள் நான்கு பேர் முதன்முதலாக எடுத்தார்கள், அப்புறம் முண்டா, காரியா என்று பெருகியது. 1855இல் கட்டி முடித்த கோயில் ராஞ்சி மெயின் ரோட்டில் இன்றும் நிற்கிறது. இங்கே தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு இறங்கியது 1706. வந்த வழி வேறு, ஆனால் ஜெர்மன் பாட்டுப் புத்தகம் இரண்டு பக்கமும் போயிருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிமாரை பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியேற்றிய பிறகு, 1919 ஜனவரியில் நம் தமிழ் லுத்தரன் திருச்சபை அமைந்தது, அதே வருஷம் ஜூலையில் ராஞ்சியின் கோஸ்னர் திருச்சபை தன் காலில் நின்றது. ஒரே வருஷத்துப் பிள்ளைகள் நாம். தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறி இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்து, ஊர் பேர் தெரியாத இடத்தில் லுத்தரன் கோயில் என்று தேடிப் பிடித்து வந்திருக்கிறார்கள் தம்பி அவர்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போன முதல் டிசம்பர், யாரையும் தெரியாது, பாஷையும் தெரியாது, கோயில் வாசலில் ஒரு கிழவி ‘யீசு சஹாய்’ என்று கை நீட்டினார். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் இரண்டு கையையும் பிரித்து, வலது கையை எடுத்துக் குலுக்கிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு அர்சா கொடுத்தார். பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுட்டது, வாயில் வைத்தால் நம்ம கச்சாயமேதான். அந்த வாசலில் நின்றே தின்றேன்.

உடுமலை மேற்கு

அண்ணா, ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. நான் அவன் விரலை மடக்கிவிட்டது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

காலையில் நார் மில்லுக்குப் போனேன். மேஸ்திரி, “அந்தப் பசங்க அந்த டிசம்பர் பாதியிலயே கணக்கு முடிச்சுட்டுப் போயிட்டாங்களே, கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறம்னாங்க, அப்புறம் வரல” என்றார். இப்போது இருக்கிறவர்கள் வேறு ஆட்கள், பதினாறு பேர். மட்டை குவியலுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கையை நீட்டி ‘யீசு சஹாய்’ என்றேன். முக்கால்வாசிப் பேருக்குப் புரியவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் குத்தவைத்திருந்த ஒரு பையன் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

ஷெட்டை லிஸ்டில் முதல் இடமாக எழுதியாகிவிட்டது. ஷிப்ட் இரவு எட்டுக்கு முடிகிறது, எட்டரைக்குப் போவோம், பொருளாளர் அண்ணா சொன்னபடி டெம்போதான். போத்தனூர் அண்ணா, அந்த முதல் பாட்டின் ஹிந்தி வரிகள் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புங்கள். இரண்டு சரணம் போதும், பிள்ளைகளுக்குப் பழக்க மூன்று வாரம் இருக்கிறது.