மூடுல் படிவத்தில் எழுதிய தமிழ் எழுத்துகள் சேமித்தபின் காணாமல் போவது ஏன்?

தஞ்சாவூர் ஆசிரியை:
வணக்கம். எங்கள் வேளாண் மாணவர்கள் வயலில் எடுக்கும் குறிப்புகளைப் பதிவதற்காக மூடுல் என்னும் இணையவழிக் கற்றல் தளத்தில் ஒரு செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் நிரல்) எழுதி வருகிறேன். நெல் ரகத்துக்கான கட்டத்தில் ஒரு மாணவி ‘ஆடுதுறை 45’ என்று எழுதிச் சேமித்தார்; தரவுத்தளத்தில் ‘45’ மட்டுமே இருக்கிறது, பிழைச் செய்தியும் வரவில்லை. பிள்ளைகள் சேற்றில் நின்று எடுத்த குறிப்புகள் இப்படிச் சிதைந்தது மிகுந்த வருத்தம் தருகிறது. எழுத்துக் குறியாக்கத்தில் கோளாறா?

திருவாரூர் நிரலாளர்:
வணக்கம் அம்மா. குறியாக்கக் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் கேள்விக்குறிகளாவது எஞ்சியிருக்கும். மூடுலில் படிவத்தை நாம் வலைப்பக்கக் குறிமொழியான எச்டிஎம்எல்லாக எழுதுவதில்லை. ‘மூடுல்ஃபார்ம்’ என்ற நிரல் வகுப்பிலிருந்து நம் நிரல் வகுப்பை உருவாக்கி, அதன் ‘டெஃபினிஷன்’ பகுதியில் ‘ஆட்எலிமென்ட்’ கொண்டு புலங்களை, அதாவது நிரப்பும் கட்டங்களைச் சேர்த்தால், பக்கத்தை அமைப்பே வரைந்துகொள்கிறது. மாணவர் அனுப்பிய மதிப்புகளை ‘கெட்_டேட்டா’ நம்மிடம் தருவதற்கு முன், ஒவ்வொரு புலத்துக்கும் ‘செட்டைப்’ வழியே நாம் குறித்த வகையின்படி அவை வடிகட்டப்பட்டுவிடும். நீங்கள் ‘பேரம்_ஆல்ஃபாநம்’ கொடுத்திருப்பீர்கள் என்று கருதுகிறேன்; அது ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் தவிர அனைத்தையும், இடைவெளி உட்பட, ஓசையின்றி நீக்கிவிடும். ‘பேரம்_டெக்ஸ்ட்’ என மாற்றுங்கள். ‘பேரம்_ரா’ வைத்தாலும் தமிழ் தங்கும். ஆனால் அது எதையும் வடிகட்டாது என்பதால், மாணவர் எழுதும் புலத்துக்கு அதை வைப்பது தவறு என்பேன். வயலின் சர்வே எண்ணுக்குப் புலம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்: அங்கே ‘பேரம்_இன்ட்’ இருந்தால் ‘112/3’ என்பது 112 ஆகிவிடும், உட்பிரிவு போய்விடும். ஏற்கெனவே நீங்கிய எழுத்துகளை மாணவர்களின் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் மீண்டும் பதிய வேண்டும்.

தஞ்சாவூர் ஆசிரியை:
நீங்கள் சொன்னதேதான் காரணம் ஐயா, மிக்க நன்றி. சர்வே எண்ணிலும் அதே தவறு இருந்தது. இன்னொரு சிக்கல்: ‘நேரடி விதைப்பு’ என்று தேர்ந்தெடுத்தால் ‘நாற்றின் வயது’ புலம் மறையும்படி ‘ஹைட்இஃப்’ எழுதியிருக்கிறேன். புலம் மறைகிறது, ஆனால் படிவம் சேமிக்கப்படாமல் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

மன்னார்குடி வாசகர்:
அந்தப் புலத்துக்கு ‘ஆட்ரூல்’ மூலம் கட்டாயம் என்றும் விதித்திருப்பீர்கள். ‘ஹைட்இஃப்’ உலாவியில் மறைக்கிறதே ஒழிய விதியை நீக்குவதில்லை. சேவையகம் அந்த மதிப்பைத் தேடி, கிடைக்காமல் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறது. விதியை எடுத்துவிட்டு, மதிப்புகளைச் சரிபார்க்கும் ‘வேலிடேஷன்’ பகுதியில் நடவு முறை நாற்று நடவாக இருந்து வயது வெறுமையாக இருந்தால் மட்டும், அந்தப் புலத்தின் பெயரில் பிழைச் செய்தியைத் திருப்பித் தாருங்கள். தண்ணீர் பிந்தி வரும் கடைமடையில் சம்பாவுக்குப் பலரும் நேரடியாகத்தான் விதைக்கிறோம். அந்த வயல்களின் குறிப்பு விடுபட்டால் உங்கள் பதிவேட்டில் பாதி டெல்டா இருக்காது.