பார்வை உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து ஆட ஒரு பிரெய்ல் சொல் விளையாட்டு: கட்டம் என்பது எழுத்தா, செல்லா?

எழுத்தெண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். வார இறுதிகளில் உட்கார்ந்து உலாவியில் ஓடும் ஒரு சொல் விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடங்கியது என் தங்கைக்காக. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. சொல் விளையாட்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. எனக்கும் அப்படித்தான். ஆனால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சமமாக ஆடும்படி ஒன்றுகூட அமையவில்லை.

முதலில் செய்தது குறுக்கெழுத்து, 7க்கு 7. அம்புக்குறி விசையால் எந்தக் கட்டத்துக்கும் போகலாம். "வரிசை 3, நிரல் 5, காலி" என்று ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) படிக்கும். எல்லாம் விதிப்படி சரியாகத்தான் இருந்தது. தங்கை பத்து நிமிஷம் ஆடிவிட்டு, "உன் கட்டத்த நான் மனசுல வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள நீ ஆட்டத்தையே முடிச்சுடுற" என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்கு மேல் ஒரு எண்ணிக்கைச் சிக்கல். 'அம்மா' அச்சில் 3 எழுத்து. அவளுடைய பிரெய்ல் டிஸ்ப்ளேயில் (திரையின் எழுத்தை விரலுக்கு மேடான புள்ளிகளாகத் தரும் கருவி) 5 செல்: அ, புள்ளி, ம, ம, ஆ. ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள ஒரு குறிதான் ஒரு செல். பாரதி பிரெய்லில் (இந்திய மொழிகளுக்கான பிரெய்ல்) மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனி செல், அதுவும் எழுத்துக்கு முன்னால். உயிர்மெய் என்றால் மெய்க்கு ஒரு செல், உயிருக்கு ஒரு செல். 'வீடு' நமக்கு 2, அங்கே 4. அப்படியானால் நான் எதைக் கட்டமாக வைப்பது? பார்வையுள்ளவர் திரையில் எழுத்தைப் பார்க்க வேண்டுமா, புள்ளிகளையா? இதில் நான் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

விரல்நுனி:

பிரெய்ல் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு. ஆறு வயதிலிருந்து விரலால் படிக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை ஒரு சிக்கலே இல்லை. 'அம்மா' எத்தனை எழுத்து என்று தங்கையைக் கேட்டுப்பாருங்கள், மூன்று என்றுதான் சொல்வார். எழுத்து வேறு, அதை எழுத எத்தனை செல் ஆகிறது என்பது வேறு. துப்பில் எழுத்தையே எண்ணுங்கள்.

உங்கள் ஆட்டம் படுத்ததற்குக் காரணம் கட்டம். கண் 49 கட்டத்தையும் ஒரே பார்வையில் அள்ளிவிடும். விரல் ஒரு நேரத்தில் ஒரு செல்லைத்தான் தொடும். இந்த எழுத்துமுறை பிறந்த கதையே அதுதான். முதலில் சார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய தொடு எழுத்துமுறையில் ஒரு குறிக்கு 12 புள்ளி வரை உண்டு. விரல்நுனிக்குள் அடங்காது, மேலும் கீழும் தடவ வேண்டும். லூயி பிரெய்ல் அதை 6 புள்ளியாகக் குறைத்தார். 1824இல், 15 வயதில். விரல் நிற்காமல் ஒரே கோட்டில் ஓடுவதற்காக அமைந்த எழுத்தை நீங்கள் குறுக்கிலும் நெடுக்கிலும் மடக்குகிறீர்கள். ஸ்கிரீன் ரீடரில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அது கண்ணுக்குச் செய்த ஆட்டத்தின் ஒலிபெயர்ப்புதான்.

கட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். புள்ளியையே ஆட்டமாக்குங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு புள்ளியைச் சேர்க்கலாம் அல்லது எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் பொருளுள்ள சொல் வர வேண்டும். அவ்வளவுதான் விதி. செல்லில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் அதேபோல் 4, 5, 6.

கலை: க (1, 3), ல (1, 2, 3), ஐ (3, 4).
முதல் செல்லில் 4ஐச் சேருங்கள். க, ம ஆகிவிடும்: மலை.
நடுச் செல்லில் 5ஐச் சேருங்கள். ல, ர ஆகிவிடும்: மரை.
அதே செல்லில் 6. ர, ழ ஆகிவிடும்: மழை.

கலையிலிருந்து மழைக்கு மூன்றே புள்ளி, அதுவும் 4, 5, 6 என்று வரிசையாக. பள்ளியில் பாடம் நடக்கும்போது நாங்கள் மேசைக்கடியில் ஆடிய ஆட்டம் கிட்டத்தட்ட இதுதான். கரம், மரம், பரம், பலம் என்றும் போகலாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். அச்சில் கவுக்கும் மவுக்கும் ஒரு உறவும் இல்லை. புள்ளியில் அவை அடுத்த வீடு.

பார்வையுள்ளவருக்கு ஆறு பெரிய வட்டங்களைக் காட்டுங்கள். கீழே எழுத்தைப் போடாதீர்கள். இதில் நான் கறார். எழுத்து தெரிந்தால் அவர் புள்ளியைப் பார்க்கவே மாட்டார். பழகுகிற முதல் சில ஆட்டங்களுக்கு மட்டும் உதவியாக இருக்கட்டும், அதையும் அவரே விசை தட்டிக் கேட்கட்டும்.

நிரலன்:

மேலே சொன்னதை அப்படியே நிரலாக்கலாம். யூனிகோடில் பிரெய்லுக்கு 256 குறிகள். 1 முதல் 6 வரையான புள்ளிகளுக்கு மதிப்பு 1, 2, 4, 8, 16, 32. க என்றால் 1+4, அதாவது 5. ம 13. இரண்டையும் எக்ஸார் செய்தால், அதாவது வேறுபடும் புள்ளிகளை மட்டும் எடுத்தால், 8. ஒரே ஒரு பிட், ஒரே ஒரு புள்ளி. விடையில் ஒரு பிட்டுக்கு மேல் இருந்தால் ஆட்டம் செல்லாது. விதி முழுவதும் ஒரே வரியில் முடிந்துவிடும், எனக்கு இதுவே போதை.

உள்ளீட்டுக்கு எஃப், டி, எஸ் விசைகள் 1, 2, 3. ஜே, கே, எல் விசைகள் 4, 5, 6. பெர்கின்ஸ் என்ற பிரெய்ல் தட்டச்சுப்பொறியில் பழகிய கைக்கு இது உடனே வரும். இரண்டு இடத்தில் அடி வாங்குவீர்கள். பல விசைப்பலகைகள் ஆறு விசையைச் சேர்ந்தாற்போல் அமுக்கினால் ஒன்றிரண்டை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்க்கும் வழியும் இருக்கட்டும். சேர்த்து அமுக்குபவருக்கு, எல்லா விரலும் எடுபட்ட பிறகு செல்லைப் பதிவு செய்யுங்கள், அமுக்கிய கணத்தில் அல்ல. அடுத்தது, என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் உலாவல் நிலையில் (ஒற்றை விசையால் பக்கத்தில் தாவும் நிலை) இருந்தால் எஃப் படிவத்துக்குத் தாவும், கே இணைப்புக்கு, எல் பட்டியலுக்கு. உங்கள் நிரலுக்கு விசை வந்தே சேராது. உள்ளீட்டுப் பெட்டியில் குவியம் (ஃபோகஸ்) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அறிவிப்பைச் சுருக்குங்கள். "4 சேர்ந்தது, மலை" போதும். சொல் முழுவதையும் புள்ளி புள்ளியாக ஒவ்வொரு தடவையும் படித்தால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். அப்புறம், டைமர் வேண்டவே வேண்டாம். வேண்டும் என்பவர் தானே போட்டுக்கொள்ளட்டும்.

சாக்பீஸ்:

திரை இல்லாமல் அட்டையிலும் செய்யலாம் என்று யாராவது தொடங்குவதற்குள் ஒரு எச்சரிக்கை. நான் ஆசிரியை. ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து என்று ஸ்லேட்டும் ஸ்டைலஸும் (பிரெய்ல் எழுதும் சட்டமும் குத்தூசியும்) வைத்துக் குத்தினேன். பின்பக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாக, புள்ளிகளைக் கண்ணாடிபோல் திருப்பி. அதெல்லாம் பிசகவில்லை. பிள்ளைகளிடம் கொடுத்த அரை மணியில் சண்டை. ஒருவன் ல என்கிறான், இன்னொருத்தி ள என்கிறாள். இரண்டு பேரும் சரிதான்! ல என்பது 1, 2, 3. அட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் 4, 5, 6, அதாவது ள. லகர ளகர மயக்கம் தமிழுக்குப் புதிதல்ல, ஆனால் அட்டையைத் திருப்பியதால் வந்தது அன்றைக்குத்தான்.

மாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். ழவைத் திருப்பினால் ற. இயைத் திருப்பினால் ஈ. எயைத் திருப்பினால் ஏ. அவைத் திருப்பினால் ஆய்த எழுத்தே வந்து நிற்கிறது! அந்த அ இன்னொரு வகையிலும் தொல்லை. ஒற்றைப் புள்ளி மட்டும் இருக்கும் அட்டையில், அது 1 ஆகிய அவா, 4 ஆகிய மெய்ப்புள்ளியா என்று விரலுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இன்னொரு புள்ளி இருந்தால்தானே இடம் புரியும். வலது மேல்மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டேன், செல்லைச் சுற்றி மெல்லிய மேடான விளிம்பும் வைத்தேன். சண்டை நின்றது. (வேறு காரணங்களுக்கு நடக்கிறது.)

இன்னொன்று. பெரிதாக இருந்தால் சுலபம் என்று நினைத்துப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்காதீர்கள். புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மில்லிமீட்டர் என்பது விரல்நுனியின் அளவு. அதைப் பெரிதாக்கினால் பழகிய விரல் ஒரு எழுத்தாக உணராது, எண்ணத் தொடங்கிவிடும்.

எழுத்தெண்ணி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குறுக்கெழுத்தை அழித்துவிட்டேன், கொஞ்சம் மனசு வலித்தது. விரல்நுனி அண்ணா சொன்ன விதியை நிரலன் சொன்ன எக்ஸாரோடு நேற்று ராத்திரியே எழுதி, காலையில் தங்கையிடம் நீட்டினேன்.

கலையிலிருந்து மழை, அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குத்தான் மலையோடு நின்றுவிட்டது. 'மரை' ஒரு சொல்லே இல்லை என்று வாதாடினேன். மானில் ஒரு வகை, திருகில் மாட்டுவதும் மரைதான் என்றாள். அகராதி அவள் பக்கம். ஆக அடுத்த தலைவலி சொற்பட்டியல்: அகராதியில் இருப்பதெல்லாம் செல்லும் என்றால் நான் தினமும் தோற்பேன், பேச்சில் இருப்பது மட்டும் என்றால் சொல் ஏணி பாதியில் அறுந்துவிடுகிறது. இப்போதைக்கு அகராதியையே வைத்திருக்கிறேன். ஆட்டத்தின் நடுவே சொல்லின் பொருளைக் கேட்க ஒரு விசை சேர்த்திருக்கிறேன்.

ஆறு வட்டத்தை வெறும் கண்ணால் பார்த்துப் பார்த்து இன்றைக்கு எனக்கு ஒன்பது எழுத்து தெரியும். இப்போது அவள் ஒரு புதிர் போட்டிருக்கிறாள்: மழையிலிருந்து கலைக்குத் திரும்ப வேண்டும், வந்த வழியில் வரக்கூடாது, மூன்றே புள்ளி. ஒரு மணி நேரமாக முழிக்கிறேன்.

விரல்நுனி:

முதலில் 4ஐ எடுங்கள். கழைக்கூத்தில் இருக்கிறதே, அந்தக் கழை. அப்புறம் 6ஐ எடுத்தால் கரை, 5ஐ எடுத்தால் கலை. நான் சொன்னேன் என்று தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள்.