குளிர்காலத்துல நிழல் சரிவுல மட்டும் பனி காணாம போகுது, சென்டினல்-2 செயற்கைக்கோள் பத்தி தெரிஞ்சவங்க உதவுங்க

ஒரு மலைப் படுகையோட பனிப்பரப்பு 2019ல இருந்து எப்படி மாறுதுன்னு சென்டினல்-2 படங்கள வச்சு பாத்துட்டு இருக்கேன், மத்த மாசமெல்லாம் சரியா வருது, ஆனா டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் வடக்குப் பாத்த சரிவுல மட்டும் பனி பாதிக்கு மேல குறைஞ்சிடுது, பிப்ரவரி கடைசில தானா திரும்பி வந்துடுது. படத்த பெருசாக்கி பாத்தா பனி அங்கயேதான் இருக்கு, மலை நிழல்ல கருநீலமா கிடக்கு, அத பாக்கும்போதுதான் மனசு கேக்கல.

என்டிஎஸ்ஐங்கிற பனிக் குறியீடு 0.4 வரம்புக்கு மேல இருந்தா பனின்னு எடுக்கறேன், அதுக்கு பேண்ட் 3உம் (பச்சை ஒளி) 11உம் (குறுஅலை அகச்சிவப்பு). உறையாத ஏரியையும் பனின்னு எடுத்துடக் கூடாதுன்னு என்ஐஆர் (அண்மை அகச்சிவப்பு எதிரொளிப்பு) 0.11க்கு மேல இருக்கணும்னு ஒரு கண்டிஷன். அந்த கண்டிஷன எடுத்துட்டா நிழல் பனி வருது, கூடவே ஏரியும் வந்துடுது. என்டிஎஸ்ஐ வரம்ப 0.2க்கு இறக்கினா வெறும் பாறையெல்லாம் பனி ஆகுது. 2022 ஜனவரில இருந்து பிக்சல் மதிப்புல கூட்டின 1000 ஆஃப்செட் காரணமோன்னு, அத சரிக்கட்டின ஹார்மனைஸ்டு டேட்டாவுக்கு மாத்தினேன், அதே கதைதான், 2020லயும் இப்படித்தான் இருக்கு. மோடிஸ்னு இன்னொரு செயற்கைக்கோள் கருவி இருக்கு, ஆனா அதோட பிக்சல் 500 மீட்டர், இந்த குறுகலான பள்ளத்தாக்குக்கு அது பத்தல.

டிஇஎம் (நிலத்தோட உயரத் தரவு) வச்சு நிழல் விழுற பகுதிய பிரிச்சு அங்க மட்டும் வேற வரம்பு வைக்கலாமா, இல்ல அந்த பிக்சலெல்லாம் தகவல் இல்லன்னு கணக்குல இருந்து எடுத்துடறதுதான் சரியா?